பைதான் 3.12-இல் பிப் வேலை செய்யவில்லை: பதில்

பைதான் பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான பிப்பை மறுபடி நிறுவிப் பயனில்லை. பைதானைத்தான் மறுபடி கட்ட வேண்டும். பாயான் லெப்பாஸ் அலுவலக உபுண்டு கணினியில் 3.12-ஐ மூலநிரலிலிருந்து கட்டியதாகவும், எதை இறக்கினாலும் 'எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை' என்று பிப் நின்றுவிடுவதாகவும் சொல்கிறீர்கள். எஸ்எஸ்எல் என்பது பாதுகாப்பான இணைய இணைப்புக்கானது; அதைத் தருவது ஓபன்எஸ்எஸ்எல் என்ற நூலகம். கட்டியபோது அதன் டெவ் பொதி (அதைச் சேர்த்துக் கட்டத் தேவையான கோப்புகள்) அங்கே இருந்திருக்காது. அது இல்லாவிட்டாலும், கட்டும் கட்டளையான மேக் பிழை காட்டி நிற்காது, விடுபட்ட மாட்யூல்களைக் கடைசியில் பட்டியலிட்டுவிட்டு முடித்துக்கொள்ளும். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் சொல்லித்தரும் பிள்ளைகள் பலரும் அந்த வரிகளைப் பார்க்காமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்தப் பைதானைத் திறந்து 'இம்போர்ட் எஸ்எஸ்எல்' கொடுத்துப் பாருங்கள். பிழை வந்தால் இதேதான் காரணம்.

சரி, செய்ய வேண்டியது:

1. உபுண்டுவின் பொதி நிறுவியான ஏப்ட் வழியாக லிப்எஸ்எஸ்எல்-டெவ் (ஓபன்எஸ்எஸ்எல்லின் டெவ் பொதி), ஸெட்லிப்1ஜி-டெவ் (கோப்புச் சுருக்கத்துக்கானது) இரண்டையும் நிறுவுங்கள்.
2. மூலநிரல் கோப்புறையில் மேக் கிளீன், அப்புறம் கன்ஃபிகர், மேக்.
3. மேக் ஆல்ட்இன்ஸ்டால். வெறும் இன்ஸ்டால் வேண்டவே வேண்டாம். அதைக் கொடுத்தால், பிறகு 'பைதான்3' என்று தட்டும்போது கணினியோடு வந்த பைதானுக்குப் பதில் புதியது ஓடத் தொடங்கிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: பைதான் 3.10 முதல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. உபுண்டு 16.04-இல் இருப்பது 1.0.2. உங்களுடையது அவ்வளவு பழையது என்றால் இந்த வழி பலிக்காது.