அம்மா சும்மா சொல்லவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. குலசேகரம் பக்கத்தில் தனியாக இருக்கிறார். நான் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். அண்ணன் கத்தாரில். போன வாரம் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே தொந்தரவுக்கு டாக்டர் எழுதிய சீட்டு என் பையில் இருந்தது. அதைக் காட்டி சிப்ரோஃப்ளாக்சசின் 500 வாங்கி, காலையும் ராத்திரியும் ஒன்று வீதம் கொடுத்துவருகிறோம். இன்று நான்காம் நாள். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் குமட்டுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். பாலோடு கொடுத்தால் வயிற்றுக்கு இதமாக இருக்குமா? ‘பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு மருந்து பழகிவிடும், ஏழு நாளும் கொடு’ என்கிறான் அண்ணன். தொடரலாமா, நிறுத்தலாமா? சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, அப்புறம் ஒரு கால்சியம் மாத்திரை, மழைக்காலத்தில் இழுப்பு வந்தால் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறார். மழை தொடங்கியதிலிருந்து அதுவும் ஓடுகிறது. மற்றபடி ஒன்றும் இல்லை. நேற்றிலிருந்து குதிகாலுக்கு மேலே பிடிக்கிறது என்று சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவிடம் தைலம் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும் என்று அம்மாவிடமும் சொன்னேன்.
— பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் கூப்பிட்டு, ‘அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள், அம்மாவை நடக்கவிடாதீர்கள், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டேன். பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை அது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே கதை நம் மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

பால், குமட்டல் எல்லாம் அப்புறம். கடிதத்தின் கடைசியில், பேச்சோடு பேச்சாக, ‘சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் ‘சும்மா’ எங்கிருந்து வந்தது? தனியாகச் சமைத்து, முற்றம் பெருக்கி, ராத்திரி கதவைத் தாழ்போட்டுப் படுக்கிற 68 வயதுக்காரி வலிக்கிறது என்று சொன்னால் அது எப்படிச் சும்மா ஆகும்? நம் ஊர் அம்மாக்களை எனக்குத் தெரியும். ‘ஒண்ணுமில்ல மக்களே’ என்பதுதான் அவர்கள் வாயிலிருந்து முதலில் வரும். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் ஒண்ணுமில்ல. அப்படிப்பட்டவர் நேற்றும் சொல்லி இன்றும் சொல்கிறார் என்றால் அந்த இடத்தில் வலி எவ்வளவு இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மாத்திரையின் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் துல்லியமாக எழுதிய நீங்கள், வலி இடது காலிலா வலது காலிலா என்று எழுதவில்லை. போனில் கேட்டேன். உங்களுக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் தடித்த நார் ஒன்று உண்டு. நாம் குதிகால் நரம்பு என்போம். அது நரம்பு இல்லை, தசைநாண். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதன் கூடப்பிறந்த லிவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்றவையும் சிலருக்கு அந்த நாணைப் புண்ணாக்கிப் பலவீனப்படுத்தும். எல்லோருக்கும் வராது. அபூர்வம்தான். ஆனால் யாருக்கு அதிகம் வரும் என்பது தெரிந்த விஷயம். 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், மாற்று உறுப்பு வைத்தவர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே இதைக் கட்டம் கட்டி எச்சரிக்கையாகப் போடவைத்தது. மருந்து தொடங்கி இரண்டு நாளிலும் வரலாம், மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். இரண்டு காலிலும் வரலாம். முதலில் வலி, வீக்கம். அந்த வலியைக் கவனிக்காமல் நடந்தால் நாண் அறுந்தே போகலாம்.

மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை கவுண்டரில் முப்பது வருடம் நின்றவள் நான். ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, அறுபதைத் தாண்டியவர், ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து குதிகால் பிடிக்கிறது, ஏதாவது ஆயின்மென்ட் கொடு என்று கேட்டார். கொடுத்தேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலை தோட்டத்தில் ஒரு மேட்டில் காலை ஊன்றி ஏறும்போது, பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் ஓங்கி உதைத்த மாதிரி இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அப்புறம் அவரால் அந்தக் காலில் நுனிவிரல் ஊன்றி நிற்க முடியவில்லை. வயிற்றுப்போக்குக்கு வாங்கிய சிப்ரோவும், இழுப்புக்குச் சாப்பிட்ட ஸ்டீராய்டும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடப்பவருக்குக் கால்தான் சோறு. அவருடைய மனைவி கடைக்கு வந்து அந்த ஆயின்மென்ட் டியூபை கவுண்டரில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். அன்றிலிருந்து குதிகால், முழங்கை, தோள் என்று யார் சொன்னாலும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் நான் விட்டதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். அம்மாவின் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என்ன? அட்டையைத் திருப்பிப் படித்தீர்களா? பிரெட்னிசொலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. வயது, சிப்ரோ, ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அம்மாவின் குதிகால் இருக்கிறது. தியோஃபிலின் என்று இருந்தால் வேறு ஆபத்து. சிப்ரோ அந்த மருந்தை உடம்பிலிருந்து கழியவிடாமல் தேக்கிவைக்கும். அளவு கூடினால் குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை, முற்றினால் வலிப்புவரை போகும். வெறும் வயிற்றுக் கோளாறு என்று நீங்கள் நினைக்கிற குமட்டல் அதுவாகக்கூட இருக்கலாம். கிளிமெபிரைடு இன்னொன்று. சிப்ரோவோடு சேரும்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். அம்மாவுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை என்கிறீர்கள். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு தனியாகத் தூங்குகிறார். வியர்த்துக்கொட்டினாலோ, கை நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பார்ப்பதற்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அம்மா இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள் என்னென்ன என்று பழைய சீட்டை எழுதிய டாக்டருக்குத் தெரியாது. அவர் இரண்டு வருடத்துக்கு முன் தன் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுதினார். அப்போது இழுப்பு மாத்திரை இருந்ததா, சிறுநீரகம் எப்படி இருந்தது, சர்க்கரைக்கு என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் அன்றைய கணக்கு. அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள் இல்லையா, டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதே என்பதற்கான கோடு அது. பழைய சீட்டுக்கு மருந்து கொடுத்த கடைக்காரரும் தப்புதான் செய்தார். என் தொழில்காரர் என்பதற்காக நான் அவருக்குப் பரிந்து பேசப் போவதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீர்க்கடுப்பை உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானது ஈ.கோலை. நம் நாட்டில் அதில் பெரும்பகுதி சிப்ரோவுக்கு இப்போது அசைவதில்லை, கண்ட கண்ட காய்ச்சலுக்கெல்லாம் வாங்கிப் போட்டுப் போட்டு. சாதாரண நீர்க்கடுப்புக்கு வேறு மருந்து இருக்கும்போது இந்த வகையைத் தொடாதீர்கள் என்று அமெரிக்காவில் 2016-ல் சொல்லிவிட்டார்கள். சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று தெரிந்துவிடும். எரிச்சல் பாதிதான் குறைந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தச் சோதனை முதல் நாளே நடந்திருக்க வேண்டும்.

அண்ணன் சொல்வதற்குப் பதில். ‘கோர்ஸை முடி’ என்பது மருந்து ஒத்துக்கொள்கிறவருக்கு, உடம்பு தேறியதும் தானாக நிறுத்திவிடாதே என்பதற்காகச் சொன்னது. குதிகாலில் வலி வந்தவருக்குச் சொன்னது இல்லை. தசைநாணில் வலி என்றால் இந்த மருந்தை நிறுத்த வேண்டும், அதற்குப் பதில் வேறு ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் எழுத வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். இதை மட்டும் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகலாம். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவின் பின்பக்கம் வலி, வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கோ தக்கலை ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பால் கேள்விக்கு ஒரே வரி: வேண்டாம். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் சிப்ரோவைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து எல்லாம் அப்படித்தான். யாருக்காவது டாக்டரே சிப்ரோ எழுதினால், இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலில் நிற்கக்கூடாது, தோல் வெந்துபோகும். முற்றத்தில் மரச்சீனி காயப்போடுகிற வேலையை மருந்து முடியும்வரை வேறு யாராவது பார்க்கட்டும்.

இப்போது காலுக்கு. தைலம் வேண்டாம். தேய்ப்பதும் பிடித்துவிடுவதும் உருவிவிடுவதும் வேண்டவே வேண்டாம், புண்ணான நாணை இழுப்பதாகத்தான் ஆகும். வலி மாத்திரையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபென் வகை இந்த மருந்தோடு சேர்ந்தால் சிலருக்கு வலிப்பைத் தூண்டும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, நீங்கள் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் உங்கள் மடியில் எடுத்து வையுங்கள். குதிகாலிலிருந்து நாலு விரல் மேலே, பின்பக்கம், இரண்டு காலையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். ஒன்று தடித்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, லேசாகத் தொட்டாலே முகம் சுளிக்கிறாரா? அழுத்த வேண்டாம். பார்த்ததை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆட்டோவரைக்கும்கூட அவரை நடத்திக்கொண்டு போகாதீர்கள், வண்டியை வாசலுக்கு வரச்சொல்லுங்கள்.

இதைத்தான் போனில் சொன்னேன். நீங்கள், ‘இன்றைக்கு லீவு கிடைக்காது, அக்காவைக் கூட்டிப்போகச் சொல்கிறேன்’ என்றீர்கள். அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் கும்பிடு போடுகிறேன். அவர் இல்லாவிட்டால் உங்கள் அம்மா என்ன ஆவார் என்று தெரியாது. ஆனால் அவர் மகள் இல்லை. உங்கள் அம்மாவின் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது உங்கள் இருவரின் கடமை, பாதி கத்தாருக்கு, பாதி நாகர்கோவிலுக்கு. அண்ணன் அனுப்புகிற பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வெயிலில் உழைத்து அனுப்புகிறார். ஆனால் ஏழு நாளும் கொடு என்று அங்கிருந்து சொல்லத் தெரிந்தவருக்கு, ‘அம்மா, எங்கே வலிக்கிறது?’ என்று வீடியோ காலில் ஒருமுறை கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். நீங்களோ குலசேகரம் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறீர்கள். பெற்றவர் வலிக்கிறது என்று சொன்ன பிறகும் லீவுக் கணக்குப் பார்க்கிற வாழ்க்கையை நான் சரி என்று சொல்ல மாட்டேன். சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும்.

டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டு, சிப்ரோ அட்டை, கிளிமெபிரைடு, கால்சியம், வெள்ளை மாத்திரை, தைலக் குப்பிவரை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘சிப்ரோ சாப்பிட்ட மூன்றாம் நாள் குதிகால் வலி தொடங்கியது’ என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள், அம்மாவின் ஓ.பி. சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். இனி சிப்ரோ வகை மருந்து எதையும் அவருக்கு யாரும் எழுதக்கூடாது. 1800 180 3024 என்ற இலவச எண்ணில் மருந்தின் பக்கவிளைவைப் பொதுமக்களே தெரிவிக்கலாம், அதையும் செய்யுங்கள். அப்புறம், டாக்டர் ‘என்ன செய்கிறது?’ என்று கேட்டால் அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். அவர் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் தொடங்குவார். காத்திருங்கள். மிச்சத்தையும் அவரே சொல்லி முடிக்கட்டும்.