விளையாட்டுப் படத்துக்கு எந்த லென்ஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதலாம் தவணை தொடங்கினால் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் தொடங்கிவிடும். அதோடு எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி தொலைதூர சூம் லென்ஸ் பற்றியதாகிவிடும். இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். ரூபாக் கணக்கு எங்கும் எழுதவில்லை. விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நான் எழுதி நீங்கள் கடைக்காரரோடு வாதாடவேண்டாம். புதியவர்களுக்கு ஒரு வரி: லென்ஸின் பெயரில் 70-200 போல வருவது மி.மீ., அது கூடக்கூடத் தூரத்திலுள்ளது கிட்டத் தெரியும்; எஃப் என்பது லென்ஸின் திறப்பு, அந்த இலக்கம் குறையக்குறையத் திறப்புப் பெரிது, வெளிச்சம் கூட.

கிளிநொச்சி: என்னிடம் கனன் 1300டி இருக்கிறது. பாடசாலைப் போட்டிகள் எடுக்க 55-250 எஸ்.டி.எம். வாங்கவா, பாவித்த 70-200 எஃப் 4 வாங்கவா? காசு அளவாகத்தான் இருக்கிறது.

கமராவின் பெயர், எடுக்கப்போகும் போட்டி, காசின் நிலை மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கேட்டால் பதில் சொல்வது சுகம்.

70-200 எஃப் 4 எல் நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உள்ளே இருப்பது வளைய வகை யூ.எஸ்.எம். மோட்டார். சத்தமில்லாமல் ஒரே இழுப்பில் ஃபோகஸ் வந்து நிற்கும். எத்தனை மி.மீ.இல் வைத்தாலும் எஃப் 4 மாறாது, சூம் செய்தாலும் குழாய் நீளாது. எடை 700 கிராம் அளவு, மதியம் தொடங்கிப் பரிசளிப்பு முடியும்வரை கழுத்தில் கிடந்தாலும் தாங்கும். ஐ.எஸ். (ஆட்டந்தடுப்பு) இல்லாத பழைய மாதிரி இன்னும் மலிவு. அது இல்லையே என்று கவலைப்படவேண்டாம். ஐ.எஸ். உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாது. ஓட்டத்தை நிறுத்துவது ஷட்டர் வேகம்: 1/1000 விநாடி, வெளிச்சம் குறைந்தால் 1/500, அதற்குக் கீழே போகாதீர்கள்.

காசு எட்டாவிட்டால் 55-250 எஸ்.டி.எம். நல்ல வெயிலில் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எஸ்.டி.எம். என்ற எழுத்து லென்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள், அது உள்ளே இருக்கும் மோட்டாரின் வகை. அதற்கு முந்திய 55-250 மாதிரிகள் இரண்டிலும் பழைய சிறு மோட்டார். பெயர் ஒன்று, வேகம் வேறு. உங்கள் கமராவில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்குவகை, மற்றவற்றைவிட நிச்சயமாகப் பிடிப்பது. அதை மட்டும் பாவியுங்கள், ஓடுவதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏ.ஐ. சேர்வோ முறையில் வையுங்கள். காசு கொடுக்கமுன் உங்கள் கமராவில் போட்டு, ஓடுகிற எதையாவது எடுத்துப் பாருங்கள்.

புதுக்குடியிருப்பு: விளையாட்டு எடுக்க நல்ல சூம் லென்ஸ் ஒன்று சொல்லுங்கள்.

எந்தக் கமரா? எந்த விளையாட்டு? பகலா, இரவா? இவை இல்லாமல் லென்ஸ் கேட்பது நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பது. மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

வவுனியா: நிக்கோன் டி5300க்கு 80-200 எஃப் 2.8 டி லென்ஸ் பாவித்தது ஒன்று வாங்கினேன். ஓட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை. விற்றவர் கமராவில்தான் பிழை என்கிறார்.

கமராவிலும் பிழையில்லை, லென்ஸிலும் பிழையில்லை. இரண்டையும் சேர்த்ததுதான் பிழை. அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகாணி வழியாக அதைச் சுழற்றவேண்டும். நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்கள் எதிலும் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையில் இருக்கிறது. விற்றவர் திருப்பி எடுக்காவிட்டால் பாவித்த டி7100, டி7200 ஒன்று தேடுங்கள். கண்ணாடி நல்ல கண்ணாடி, வீசிவிடவேண்டாம்.

மறுபக்கமும் இருக்கிறது. நிக்கோனின் ஏ.எஃப்.-பி 70-300 மலிவான, மிக வேகமான லென்ஸ். ஆனால் டி90 போன்ற பழைய கமராக்களில் அது ஃபோகஸே செய்யாது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: காசு கொடுக்கமுன் உங்கள் கமராவில் போட்டுப் பாருங்கள். விற்பவரின் கமராவில் அல்ல, உங்களுடையதில்.

முல்லைத்தீவு: கனடாவிலிருந்து வரும் மாமா கனன் 75-300 யூ.எஸ்.எம். புதிது ஒன்று கொண்டுவருகிறார். 300 வரை போகிறது. பிறகு ஏன் எல்லோரும் 70-200 என்றே சொல்கிறீர்கள்? யூ.எஸ்.எம். என்றால் வேகம்தானே?

இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வருகிறது. இம்முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மற்றவர்களும் வாசியுங்கள்.

முதலில் அந்த மூன்று எழுத்து. யூ.எஸ்.எம். என்று ஒரே பெயரில் கனன் வெவ்வேறு மோட்டார்களை விற்றது. லென்ஸின் குழாயைச் சுற்றி வளையமாக இருப்பது ஒன்று. விளையாட்டுக்காரர் தேடுவது அதைத்தான். மற்றது சிறு யூ.எஸ்.எம். சின்ன உருளை மோட்டார் பற்சில்லுகளைத் திருப்பி வேலை செய்யும். 75-300இல் இருப்பது இந்தச் சிறியது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டோ ஃபோகஸில் வைத்துவிட்டு லென்ஸின் முன்விளிம்பைப் பாருங்கள், ஃபோகஸ் செய்யும்போது அது சுழலும். வளைய வகையில் முன்பக்கம் அசையாது. ஓட்டோ ஃபோகஸை நிறுத்தாமலே கையாலும் திருத்தலாம்.

இரண்டாவது, வேகம் என்றால் என்ன என்ற கணக்கு. 100 மீற்றரை 14 விநாடியில் ஓடும் பிள்ளை விநாடிக்கு ஏழு மீற்றர் உங்களை நோக்கி வருகிறாள். லென்ஸ் தடுமாறி அரை விநாடி தேடினால் அவள் மூன்றரை மீற்றர் கிட்ட வந்துவிட்டாள். லென்ஸ் வந்து நிற்கும் இடத்தில் இப்போது யாரும் இல்லை. ஒரு பாடசாலைப் போட்டியில் இதே லென்ஸோடு வந்த ஒரு தம்பியின் படங்களைக் கமராத் திரையில் பார்த்தேன். பின்னால் கட்டியிருந்த இல்லக் கொட்டகையின் கிடுகுப் பின்னலை ஒவ்வொன்றாக எண்ணலாம். அஞ்சலோட்டக் கோலைக் கையில் பிடித்து ஓடிவந்த பிள்ளையின் முகம் மட்டும் கலங்கல். பத்துப் படத்திலும் அப்படித்தான். அவன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வெளிச்சம். எங்கள் போட்டிகள் நேரத்துக்குத் தொடங்குவதில்லை. பிரதம விருந்தினர் வரவேண்டும், அணிநடை முடியவேண்டும், உடற்பயிற்சிக் கண்காட்சி நடக்கவேண்டும். எல்லோரும் காத்திருக்கும் அஞ்சலோட்டம் கடைசியில், சூரியன் மரத்துக்குக் கீழே இறங்கியபிறகுதான் வரும். 300இல் உங்கள் லென்ஸ் எஃப் 5.6. எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த லென்ஸ் வைத்திருப்பவர் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 1600இல் எடுக்கும் படத்துக்கு நீங்கள் 6400 போகவேண்டும். படம் மட்டும் அல்ல, ஃபோகஸும் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. கண்ணாடிவைத்த டி.எஸ்.எல்.ஆர். கமரா ஃபோகஸ் பார்ப்பது எப்போதும் லென்ஸின் முழுத் திறப்பில். திறப்புச் சிறிதென்றால் அது இருட்டில் தடவுகிறது.

சரி, 300 தேவையில்லையா? 1300டி போன்ற சின்ன சென்சர் கமராவில் 200 மி.மீ. போட்டு நெடுக்காகப் பிடித்தால், 20 மீற்றரில் வரும் பிள்ளை படத்தின் மூன்றில் இரண்டு பங்கை நிரப்புவாள். பாடசாலை மைதானத்தில் நீங்கள் 20 மீற்றருக்குள் போகமுடியாத இடம் எது? எழும்பி நடவுங்கள். முழு உதைபந்தாட்ட மைதானத்தில் மறுபக்கக் கோலை எடுக்க 300 வேண்டும்தான், ஆனால் அதற்கும் இந்த 300 உதவாது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். எத்தனை மி.மீ. என்று எல்லோரும் கேட்கிறார்கள், எத்தனை எஃப் என்று ஒருவரும் கேட்பதில்லை. உறவுக்காரர் அங்கே குளிரில் வேலை செய்து உழைத்த காசு அது. பெட்டியில் பெரிய இலக்கம் இருக்கிறது என்று ஆசையோடு வாங்கிக்கொண்டு வருகிறார். இங்கே பிள்ளை ஒரு தவணை முழுக்கக் கலங்கல் படம் எடுத்து, தனக்கு இது வராது என்று கமராவை அலுமாரியில் வைத்துவிடுகிறது. மாமா இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே அழைத்துச் சொல்லுங்கள். அதே விலைக்குப் பாவித்த 70-200 எஃப் 4 கிடைக்குமா என்று விசாரிக்கட்டும். 300தான் வேண்டும் என்றால் கனன் 70-300 ஐ.எஸ். 2 யூ.எஸ்.எம்., 2016இல் வந்தது. அதன் நனோ மோட்டார் உண்மையிலேயே வேகம். வாங்கிவிட்டார் என்றால் பற்றுச்சீட்டு இருக்கும், மாற்றச் சொல்லுங்கள். மாமா கோபிக்கமாட்டார்.

மாங்குளம்: 55-250க்கு 2 மடங்கு கன்வேட்டர் போட்டால் 500 ஆகுமா?

கன்வேட்டர் என்பது கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் போட்டு மி.மீ.ஐப் பெருக்குவது. கனனின் சொந்தக் கன்வேட்டர் அந்த லென்ஸில் பொருந்தவே பொருந்தாது. வேறு கம்பனியுடையதைப் போட்டால் எஃப் 5.6 எஃப் 11 ஆகும், ஓட்டோ ஃபோகஸ் கைவிடும். வேண்டாம்.

துணுக்காய்: ஈட்டி எறிதலை எதிரே இருந்து எடுக்க எத்தனை மி.மீ. வேண்டும்?

எதிரே இருந்து எடுக்கக்கூடாது. எந்த மி.மீ.உம் உங்களைக் காப்பாற்றாது. கண் கமராவில் இருக்கும்போது ஈட்டி விழும் இடம் தெரியாது. ஈட்டி விழும் பகுதியின் பிரிவுக் கோட்டுக்கு நன்றாக வெளியே, எறிபவரின் பக்கவாட்டில் நின்று 70-200இல் எடுங்கள். முகமும் கையும் அங்கிருந்துதான் வடிவாக வரும்.

ஒட்டுசுட்டான்: இரவுக் கரப்பந்தாட்டம் எடுக்கிறோம். தொடர்ந்து அடிக்கும் படங்களில் ஒன்று வெளிச்சம், அடுத்தது இருட்டு, ஒன்று மஞ்சள். லென்ஸ் பழுதா?

லென்ஸ் அல்ல, விளக்கு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/1000இல் நீங்கள் பிடிப்பது அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டை. கனன் 7டி மார்க் 2இலும் 80டியிலும் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது, கமரா உச்ச வெளிச்சத்துக்குக் காத்திருந்து அடிக்கும். உங்கள் கமராவில் அது இல்லை என்றால் தொடராக அடித்துத் தெரிந்தெடுப்பதுதான் வழி. ஜெனரேற்றரில் ஆட்டம் நடந்தால் அந்த 50உம் நிலையாக நிற்காது.

லென்ஸ் கேட்டால், இரவுக்கு எஃப் 2.8ஐ விடச் சிறிய திறப்புள்ள எதுவும் வேண்டாம். அதற்குக் காசில்லை என்றால் சூமை மறந்து 85 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளம்தான். பின்கோட்டுக்குப் பின்னால் மூலையில் நின்றால் எதிர்ப்பக்கத்தார் வலைக்கு மேலே எழும்பி அடிப்பது நேராக முகத்தோடு கிடைக்கும்.

பரந்தன்: மாட்டுவண்டிச் சவாரி எடுக்கும்போது ஃபோகஸ் மாட்டை விட்டுவிட்டுப் புழுதிக்குப் போகிறது.

வண்டி உங்களுக்குக் கிட்ட வந்தபிறகு பித்தானை அழுத்தினால் அப்படித்தான். அது புழுதியைக் கிளப்பமுன், தூரத்தில் வரும்போதே மாட்டின் நெற்றியில் பிடித்துக்கொண்டு தொடருங்கள். ஃபோகஸ் தொடரும் வேகத்தை மாற்றும் தெரிவு கமராவில் இருந்தால் அதை ‘மெதுவாக’ பக்கம் வையுங்கள். அப்போது குறுக்கே புழுதி வந்தாலும் லென்ஸ் அவசரப்பட்டுத் தாவாது. லென்ஸில் தூர எல்லைப் பித்தான் இருந்தால் கட்டாயம் போடுங்கள். 70-200 எஃப் 2.8 ஐ.எஸ். 2இல் 2.5 மீற்றருக்கு அப்பால் மட்டும் தேடு என்று வைக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பித்தான், பாதிப்பேர் தொட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. சூம் செய்யும்போது நீளும் லென்ஸ் சைக்கிள் பம்பைப்போல் செம்புழுதியை உள்ளே இழுக்கும். திடலில் லென்ஸைக் கழற்றாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், முதலில் ஊதுங்கள்.

நெடுங்கேணி: சோனி ஏ6400க்கு டாம்ரோன் 70-180 எஃப் 2.8 போதுமா? முதல் மாதிரியில் ஆட்டந்தடுப்பு இல்லையாமே.

போதும். 800 கிராம் அளவு, நேர்கோட்டு மோட்டார், வேகம் நன்று. ஆட்டந்தடுப்பு இல்லாதது 1/1000இல் தெரியாது, அதைக் கிளிநொச்சிக்காரருக்கே சொல்லிவிட்டேன். வேறு கம்பனி லென்ஸ்களுக்குச் சோனி விநாடிக்கு 15 படம் என்று எல்லை வைத்திருக்கிறது. உங்கள் கமரா எடுப்பதே 11தான், ஆகவே அது உங்களைத் தொடாது. கன்வேட்டர் மட்டும் போடமுடியாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பூநகரி: காலையில் கூர்மையாக இருக்கும் 70-300, பிற்பகல் இரண்டு மணிக்கு மைதானத்தின் மறுகரையை எடுத்தால் மெழுகுபோல் வருகிறது. ஒரே லென்ஸ், ஒரே அமைப்பு. இரண்டு நாள் ஒப்பிட்டும் பார்த்தேன்.

இப்படி ஒப்பிட்டுப் பார்த்துக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் லென்ஸ் சுகமாக இருக்கிறது. நிலம் கொதிக்கும்போது அதற்கு மேலே உள்ள காற்று அலைகிறது, தூரத்திலுள்ளது எல்லாம் அதற்குள்ளால்தான் தெரிகிறது. பூநகரி வெளியில் இது இன்னும் கூட. இதற்கு லென்ஸ் மாற்றி வேலையில்லை, எஃப் 2.8 வாங்கினாலும் இதுதான் வரும். கிட்டப் போய் எடுங்கள். நிலத்தோடு படுத்து எடுக்காமல் மேடையில் ஏறி எடுங்கள். தூரப் படங்களை நாலரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லாவி: பாவித்த லென்ஸை வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்?

பின்பக்கத்தால் ரோச் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பங்கசு (பூஞ்சணம்), எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். மாரியில் மூடிக்கிடந்த லென்ஸ்களில் இது சாதாரணம். வாங்கியபிறகு நீங்களும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள், மோட்டார் ஓடும்போதும் கேளுங்கள், அரைகிற சத்தம் கூடாது.

வேகத்தைக் கடைக்குள் சோதிக்கமுடியாது. சுவரையும் கதவையும் மாறிமாறிக் குறிவைத்து ‘டக்கென்று பிடிக்கிறது’ என்பவரை நம்பாதீர்கள், சுவர் ஓடுவதில்லை. வெளியே வாருங்கள். ஏ9 வீதிப் பக்கமென்றால் தெருவை விட்டு நன்றாக ஒதுங்கி நின்று, வருகிற மோட்டார் சைக்கிளைத் தொடராகப் பத்துப் படம் அடியுங்கள். திரையில் பெருப்பித்து இலக்கத்தகட்டைப் பாருங்கள். ஏழெட்டில் இலக்கம் வாசிக்கமுடிந்தால் வாங்கலாம், நாலைந்தென்றால் விட்டுவிடுங்கள். இதையும் உங்கள் கமராவில் போட்டே செய்யுங்கள்.

அக்கராயன்: லென்ஸின் முன்னால் யூ.வி. கண்ணாடி போடவேண்டுமா?

சவாரித் திடலிலும் கடற்கரை மைதானத்திலும் போடுங்கள். மற்ற இடங்களில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் மறைப்பு போதும்.