தூளியிலிருந்து டொராண்டோவுக்கு

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

பிரசவத்துக்காகத் திருச்சியில் அம்மா வீட்டுக்கு வந்தேன். பாப்பாவுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. கணவர் டொராண்டோவில் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்காததால் அவரால் வந்து அழைத்துப்போக முடியாது. அம்மாவுக்கும் விசா இல்லை. அடுத்த மாதக் கடைசியில் சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து டொராண்டோ என்று நானும் பாப்பாவும் மட்டும் போகிறோம். இங்கே குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மாதான். பாப்பா தூளியில் மட்டும்தான் தூங்குவாள். தாய்ப்பால் கொடுக்கிறேன், ராத்திரி ஒரு வேளை மட்டும் பவுடர் பால். விமானத்தில் அவள் விடாமல் அழுதால் என்ன செய்வேன், நான் பாத்ரூம் போக வேண்டுமென்றால் யாரிடம் விடுவேன் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. 'வசம்பு உரசிக் கொடுத்துவிடு, போய்ச் சேரும்வரை தூங்குவாள்' என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கவே கொடுக்காதீர்கள். வசம்பும் வேண்டாம், தூங்குவதற்காகச் சளி மருந்துச் சொட்டும் வேண்டாம். வசம்பு கொடுத்த பிள்ளைகள் வாந்தியெடுத்துத் துவண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதுண்டு. தூக்கம் வரவைக்கும் சளி மருந்து சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, தூங்கவே விடாது. கைக்குழந்தைக்கு மூச்சைக்கூட மந்தப்படுத்தலாம். நடுவானில் அப்படி ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா? பாட்டி பாசத்தில்தான் சொல்கிறார். அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். காய்ச்சலுக்கான சொட்டு மருந்து மட்டும் கையில் இருக்கட்டும். பாப்பாவின் எடைக்கு எத்தனை மில்லி என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டு, அந்தப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைப் பயமுறுத்துவது விமானம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாப்பா பிறந்ததிலிருந்து ஒரு முழு நாள் அவளை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொண்டதில்லை. அந்த முதல் நாள் நடுவானில் வந்துவிடுமே என்பதுதான் பயம். அப்படியானால் அந்த நாளைத் திருச்சியிலேயே வரவழைத்துவிடலாம்.

இந்த ஐந்தாறு வாரத்தில் இரண்டு நாள் ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை பாப்பா உங்கள் பொறுப்பு. அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் தூக்கக் கூடாது. அழுதாலும் சரி. (உங்களைவிட அம்மாவுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கும், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.) அன்றைக்குப் பாப்பாவைப் பேபி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாப்பிடுங்கள், பாத்ரூம் போங்கள். எது முடிகிறது, எங்கே கை போதவில்லை என்று அன்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு ஒன்று: நாடா வைத்த சல்வாரை ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. பயணத்துக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட், மேலே ஜிப் வைத்த ஃபீடிங் குர்தி, மூடிக்கொள்ள ஒரு பெரிய பருத்தித் துப்பட்டா. புடவை வேண்டாம்.

அடுத்து தூளி. உங்கள் கவலைகளில் நிஜமாகவே நாள் பிடிக்கிற வேலை இதுதான், அதனால் இன்றைக்கே தொடங்குங்கள். விமானத்தில் கிடைக்கும் தொட்டிலை பேசினெட் என்பார்கள். முன்வரிசைக்கு எதிரே இருக்கும் தடுப்புச் சுவரில் மாட்டுகிற, ஆடாத, தட்டையான பெட்டி. தூளியின் வளைவிலும் ஆட்டத்திலும் பழகிய குழந்தையை நேராக அதில் கிடத்தினால் அழத்தான் செய்யும். முதல் வாரம் பகல் தூக்கத்தில் ஒன்றை மட்டும் பாயில் தட்டையாகப் படுக்கவைத்துத் தூங்கவைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் இரண்டு. ராத்திரித் தூக்கத்தைக் கடைசியாக மாற்றலாம். தூளியை நிறுத்தினாலும் பாட்டை நிறுத்தாதீர்கள். அம்மா என்ன பாடித் தூங்கவைக்கிறாரோ அதே பாட்டை, அதே மெட்டில், அதே தட்டோடு நீங்கள் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். தூளி கட்டிய அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் ஒரு முழம் கிழித்துத் துவைக்காமல் பையில் வையுங்கள். பேசினெட்டில் கிடத்துவதற்கு முன் பாப்பாவை மடியில் வைத்து அதில் சுற்றிக்கொண்டு பாடினால் வீட்டு வாசனை வரும். தூங்கிய பிறகு முகத்துப் பக்கம் துணி எதுவும் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பேசினெட் தானாகக் கிடைக்காது. ஒரு விமானத்தில் சில இடங்களில்தான் மாட்ட முடியும். டிக்கெட் எடுத்த கையோடு போன் செய்து, சென்னை-துபாய்க்கும் துபாய்-டொராண்டோவுக்கும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள். எடை வரம்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். ஐந்து மாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் பேசினெட்டைக் கழற்றிவிடுவார்கள். நடுவில் விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாலும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நீங்கள் போகிற வழியில் பெரும்பாலும் குழந்தைக்கென்று ஒரு சின்ன பெல்ட் தருவார்கள். அதை உங்கள் பெல்ட்டில் கோத்துக்கொள்வது எப்படி என்று பணிப்பெண்ணையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

முன்வரிசையில் இன்னொரு விஷயம் உண்டு. உங்களுக்கு முன்னால் சீட் இல்லாததால் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். விமானம் ஏறி, விளக்கு அணையும்வரை பை முழுக்க மேலே போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் பாப்பா கக்குவாள். அதனால் ஒரு சின்ன ஜிப் பவுச் தனியாக உங்களோடு இருக்கட்டும்: இரண்டு டயப்பர், கொஞ்சம் ஈரத் துடைப்பான், ஒரு சட்டை, ஒரு துணி.

இப்போது மூட்டை முடிச்சுகள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள், காரணம் உண்டு. என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது நானும் இப்படித் தனியாகப் போனேன். கையில் டிராலிப் பை ஒன்று, தோளில் பை ஒன்று, தள்ளுவண்டி ஒன்று. தள்ளுவண்டியை விமான வாசலில் வாங்கிக்கொண்டு, மாறுகிற ஊரில் வாசலிலேயே தருவதாகச் சொன்னார்கள். இறங்கி நின்றால் வண்டி வரவில்லை. அது நேராகக் கடைசி ஊருக்குப் போய்விட்டது. தூங்குகிற பிள்ளையை ஒரு தோளில் சாய்த்து, இன்னொரு தோளில் பை, கையில் டிராலி என்று அந்த நீளமான வராண்டாவில் நடந்தேன். பாதி வழியில் அவள் எழுந்துவிட்டாள். பால் பாட்டில் பையின் அடியில் இருந்தது. நடைபாதை ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பை முழுவதையும் கொட்டித்தான் எடுத்தேன். அன்றிலிருந்து கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: கிளம்பும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

பாப்பா கேரியரில், முதுகில் ஒரே ஒரு பை, கழுத்தில் பாஸ்போர்ட் தொங்குகிற சின்னப் பை. அவ்வளவுதான். தள்ளுவண்டி இருந்தால் சென்னையிலேயே லக்கேஜோடு போட்டுவிடுங்கள். சாம்பார் பொடி, வடகம், முறுக்கு எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் ஒரு பொட்டலம்கூட வேண்டாம். தாத்தா ஆசையாக வட்ட வடிவ வாக்கர் வாங்கி வைத்திருந்தால், அதாவது குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் அந்த வண்டியை, இங்கேயே விட்டுவிடுங்கள். கனடாவில் 2004 முதல் அதற்குத் தடை. விற்கவும் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது.

முதுகுப் பைக்குள் அடுக்குவதற்கு ஒரு வழி. ஒரு டயப்பர், நாலைந்து துடைப்பான், ஒரு சட்டை, அழுக்கைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர் என்று ஒரு ஜிப் கவருக்குள் போட்டு ஒரு 'செட்' ஆக்குங்கள். அப்படி எட்டு செட், மேற்கொண்டு ஐந்தாறு டயப்பர். விமானத்தின் கழிவறையில் டயப்பர் மாற்ற மடக்குப் பலகை இருக்கும், ஆனால் திரும்பக்கூட இடம் இருக்காது. ஒரு செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் எதையும் தேட வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒரு மாற்றுக் குர்தி கட்டாயம். பாப்பா கக்கினால் பாதி உங்கள் மேல்தான்.

காது வலிக்கு வருவோம். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்கும்போது காது அடைக்கும் இல்லையா, அதேதான். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வோம். குழந்தைக்கு மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் குறுகல், விழுங்கத் தெரிந்து விழுங்கவும் மாட்டாள். அவளை விழுங்கவைக்க நல்ல வழி பால்தான். ஏறும்போது கொடுங்கள். இறங்கும்போது இன்னும் முக்கியம், வலி அப்போதுதான் அதிகம். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் கொடுத்தால் தாமதம். அரை மணி நேரம் முன்பே விமானம் கீழிறங்கத் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய பாலைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அந்த நேரத்துக்குப் பசியோடு வைத்திருங்கள். மூக்கடைப்போ காது வலியோ இருந்தால் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பவுடர் பாலுக்கு, ஒவ்வொரு வேளைக்கும் அளந்த பவுடரை உலர்ந்த டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு, கொதிக்கவைத்த தண்ணீரைச் சுடச்சுட ஃபிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற நேரத்தில் கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். குடித்தது போக மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், வைத்திருந்து கொடுக்க வேண்டாம். குழந்தைக்கான பாலும் தண்ணீரும் 100 மில்லி விதிக்குள் வராது. பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். ஆறு மாதம் ஆகாத பாப்பாவுக்குத் தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். விமானத்துக்குள் காற்று ரொம்ப வறண்டிருக்கும், அதனால் அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று பயந்து குடிக்காமல் இருக்காதீர்கள். பாப்பா நீண்ட நேரம் தூங்கிப் பால் கட்டிக்கொண்டால் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள்.

பாத்ரூமுக்கு, பாப்பா பேசினெட்டில் தூங்கும்போது பணிப்பெண்ணிடம் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் சாப்பாடு கொடுக்கிற நேரம் மட்டும் வேண்டாம். இல்லாவிட்டால் கேரியரோடு போங்கள், ஒத்திகை பார்த்தாயிற்றே. டொராண்டோ விமானத்தில் மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள் யாராவது இருப்பார்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே கையை நீட்டுவார்கள். உங்கள் கண்ணெதிரே வைத்துக்கொள்வதென்றால் தாராளமாகக் கொடுங்கள். நான் சொன்ன அந்தப் பயணத்தில் அப்படி ஓர் அம்மாள் என் மகளை மடியில் வாங்கிக்கொண்டு, 'நீ முதல்ல சாப்பிடும்மா' என்றார். அதுவரை நான் தட்டைத் திறக்கவே இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, இன்றைக்கும் நினைக்கிறேன்.

அழுதால்? அழுவாள். பசி, ஈரம், காது, தூக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், பணியாளர்கள் நிற்கும் இடத்தில் மெல்ல ஆடிக்கொண்டே அம்மாவின் பாட்டைப் பாடுங்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. டிக்கெட் எடுத்துத்தான் ஏறியிருக்கிறீர்கள்.

காகிதங்களில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். குழந்தை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் கனடாவுக்குள் வந்தால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை எல்லையில் கேட்கலாம். உங்கள் கணவர் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, முகவரி, போன் நம்பரோடு, தன் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து இப்போதே அனுப்பட்டும். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை இரண்டும் கழுத்துப் பைக்குள். சென்னைக்கு முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள்; திருச்சியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்த அலுப்போடு விமானம் ஏற வேண்டாம். வரிசைகளில் குழந்தை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி முன்னால் போங்கள்.

கணவருக்கும் வேலை இருக்கிறது, அவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பாப்பாவை மடியில் வைத்துக் காரில் போக முடியாது, அங்கே அது சட்டப்படி தவறு. பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட்டை அவர் முந்தின வாரமே வாங்கி, காரில் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம், கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். முதல் ஒரு வாரம் பாப்பா நடுராத்திரி ஒரு மணிக்கு எழுந்து கையைக் காலை ஆட்டிச் சிரிப்பாள். உங்களை அழைத்துப்போக வர லீவு கிடைக்காவிட்டாலும், அந்த வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அவர் எடுக்கட்டும். நீங்கள் பால் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். தூக்கிக்கொண்டு நடப்பது அவர் வேலை. பாட்டை மட்டும் இப்போதே போனில் பதிவு செய்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.