பழைய விண்டோஸ், விர்ச்சுவல் மெஷின், டிரைவர் தலைவலி: கேள்வி பதில்

விர்ச்சுவல்பாக்ஸ், க்யூஎமு, விஎம்வேர் எல்லாம் கணினிக்குள் இன்னொரு போலிக் கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் மென்பொருள்கள். உள்ளே ஓடுவது கெஸ்ட், வெளியே இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட், ஒரு கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள் டிரைவர். இவற்றில் பழைய விண்டோஸ் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் புது என்விடியா கார்டு இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 98 போட்டிருக்கிறேன். இந்தக் கார்டுக்கு 98 டிரைவர் எங்கே கிடைக்கும்?

பதில்: தேடாதீங்க, கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. உள்ளே ஓடும் 98-க்கு அப்படி ஒரு என்விடியா கார்டு இருப்பதே தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் எதைக் காட்டுகிறதோ அந்தப் போலிக் கார்டுதான் அதற்குத் தெரியும், டிரைவரும் அதற்குத்தான் வேண்டும். அதைவிட நல்ல வழி, டிரைவரே தேட வேண்டாத மாதிரி கார்டை மாற்றிவிடுவது. மெஷினை நிறுத்திவிட்டு செட்டிங்ஸில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஒலிக்கு சவுண்ட் பிளாஸ்டர் 16, நெட்வொர்க்குக்கு ஏஎம்டி பிசிநெட், டிஸ்குக்கு ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) என்று வைத்தால் இந்த மூன்றுக்கும் 98 சிடியிலேயே டிரைவர் இருக்கிறது. செட்டப் ஓட்டுவதற்கு முன் சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை அப்படியே சி டிரைவுக்குக் காப்பி எடுத்து, அங்கிருந்தே நிறுவுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டிரைவருக்கும் "சிடியைப் போடு" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: மற்றதெல்லாம் வந்துவிட்டது சார், ஆனால் திரை மட்டும் 640க்கு 480, 16 நிறத்திலேயே நிற்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸ் போடப் பார்த்தால் ஓட மாட்டேன் என்கிறது.

பதில்: ஓடாது. விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்டுக்குள் போடும் அதன் சொந்த டிரைவர் தொகுப்பு) என்டி வழி வந்த விண்டோஸ்களுக்கு (2000, எக்ஸ்பி மாதிரி) மட்டும்தான். 95, 98, எம்இ மூன்றுக்கும் அது எப்போதுமே இருந்ததில்லை. அதற்குப் பதில் விபிஇஎம்பி என்று ஒரு பொது டிரைவர் இருக்கிறது, அதைப் போட்டால் நிறமும் ரெசல்யூஷனும் வந்துவிடும், வேகம் மட்டும் வராது. 3டி விளையாட்டுக்கு என்றால் சாஃப்ட்ஜிபியு பாருங்கள், 98 கெஸ்டுகளுக்காகவே எழுதியது. க்யூஎமு பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, சிரஸ் என்ற பழைய திரைக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் 98 தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். விஎம்வேரில் இதே வேலைக்கு 98-க்கான பழைய டூல்ஸ் ஐஎஸ்ஓ (ஃபைல் வடிவில் ஒரு சிடி) தனியாக உண்டு. என்னைக் கேட்டால், திரைக்காகவே விஎம்வேருக்கு மாறினாலும் தப்பில்லை.

கேள்வி: டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஏதோ நிற்கிறது. என்ன கார்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எக்ஸ்பி என்றால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கம் போங்கள், கார்டின் அடையாள எண்கள் அங்கே இருக்கும். 98-ல் அந்தப் பக்கம் கிடையாது, ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷினுக்குக் கீழே ஈனம் (Enum), அதற்குள் பிசிஐ என்று இறங்கினால் அதே எண்கள் இருக்கும். முதல் நாலு இலக்கம் தயாரித்தவர், அடுத்த நாலு பொருள். 8086 என்றால் இன்டெல், 1022 ஏஎம்டி. 1022-க்குப் பின் 2000 வந்தால் பிசிநெட் கார்டு, 8086-க்குப் பின் 2415 வந்தால் ஏசி97 ஒலி. 1234, 1111 என்று இருந்தால் சிரிக்காதீங்க, க்யூஎமுவின் சாதாரண விஜிஏ கார்டின் எண்ணே அதுதான். எண் கையில் இருந்தால் போதும், "ஆல் இன் ஒன் டிரைவர் பேக்" என்று விற்கிற குப்பையை இறக்கவே வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்பியில் நெட் வரவில்லை. நெட் டிரைவரை இறக்க நெட் வேண்டும். என்ன செய்ய?

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் அடாப்டர் இன்டெல் ப்ரோ 1000 எம்டி டெஸ்க்டாப் என்று இருக்கிறதா பாருங்கள். அதற்கு எக்ஸ்பியிடம் டிரைவர் இல்லை. பக்கத்திலேயே டி சர்வர் என்று இன்னொன்று இருக்கும், அதையோ பிசிநெட் ஃபாஸ்ட் 3-ஐயோ எடுத்தால் எக்ஸ்பி தானே பிடித்துக்கொள்ளும். எப்படியும் ஃபைலை உள்ளே அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஹோஸ்டில் ஒரு ஐஎஸ்ஓ செய்து சிடி டிரைவில் மாட்டுங்கள். நெட்வொர்க்கே இல்லாவிட்டாலும் இந்த வழி ஓடும்.

கேள்வி: எக்ஸ்பி செட்டப் பாதியில் நீலத்திரை, கடைசியில் 7பி என்று வருகிறது.

பதில்: டிஸ்க் சாட்டாவில் (புது வகை டிஸ்க் இணைப்பு) இருக்கிறது, எக்ஸ்பி சிடியில் அதற்கு வேண்டிய ஏஹெச்சிஐ டிரைவர் இல்லை. ஐடிஇக்கு மாற்றுங்கள். எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பி இமேஜிலிருந்து ஏற்றும் வழியும் உண்டு, ஆனால் அதில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

கேள்வி: விண்டோஸ் 95 நிறுவி முடித்து முதல் பூட்டிலேயே என்டிஐஎஸ் என்று சொல்லி விண்டோஸ் ப்ரொடெக்‌ஷன் எரர். டிரைவர் கோளாறா?

பதில்: ஒருவகையில் ஆமாம், ஆனால் உங்கள் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 95-ன் நெட்வொர்க் அடுக்கு (அதுதான் என்டிஐஎஸ்), ப்ராசஸர் எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ள ஒரு லூப்பை ஓட்டி அதற்கு ஆன நேரத்தால் வகுக்கிறது. 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அந்த நேரம் பூஜ்யமாகிவிடும், பூஜ்யத்தால் வகுத்தால் அத்தோடு கதை முடிந்தது. முதல் பதிப்பு 98-லும் இது உண்டு, செகண்ட் எடிஷனில் சரிசெய்துவிட்டார்கள். பேட்சர்9எக்ஸ் என்ற கருவியை பூட் ஃப்ளாப்பியிலிருந்து ஓட்டி விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால் அந்த ஃபைல்களைத் திருத்திவிடும். புதிய ரைசன் மாதிரி ப்ராசஸர்களில் 9எக்ஸ் விண்டோஸ்கள் (95, 98, எம்இ) காரணமே தெரியாமல் செத்துப்போகிற இன்னொரு சிக்கலுக்கும் இதே கருவிதான் மருந்து. அதனால் 98 செகண்ட் எடிஷன்காரர்களும் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: 98-க்கு 2 ஜிபி ராம் கொடுத்தேன், போதிய மெமரி இல்லை என்கிறதே!

பதில்: அதிகம் கொடுத்ததுதான் பிரச்சினை. 512 எம்பியைத் தாண்டினாலே அதன் டிஸ்க் கேஷ் (டிஸ்கில் படித்ததை மெமரியில் வைத்திருக்கும் பகுதி) குழம்ப ஆரம்பிக்கும். 256 தாராளம்.

கேள்வி: க்யூஎமுவில் 98 போட்டேன். எந்தக் கார்டையும் கண்டுபிடிக்கவில்லை, சிரஸும் இல்லை, நெட்டும் இல்லை.

பதில்: டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸுக்குக் கீழே ப்ளக் அண்ட் ப்ளே பயாஸ் மஞ்சள் குறியோடு இருக்கும். அதற்கு அப்டேட் டிரைவர் கொடுத்து, பட்டியலிலிருந்து நீங்களே பிசிஐ பஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒத்துவராது என்று எச்சரித்தாலும் சரி சொல்லிவிட்டு ரீபூட் செய்தால் வரிசையாக எல்லாம் கிடைக்கும்.

கேள்வி: பழைய யூஎஸ்பி ஸ்கேனர் ஒன்று இருக்கிறது, எக்ஸ்பிக்கு மட்டும்தான் டிரைவர். விர்ச்சுவல் மெஷின் வழியாக உயிர் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். முதல் பதிலில் சொன்னதற்கு விதிவிலக்கு இதுதான். யூஎஸ்பி பாஸ்த்ரூவில் கெஸ்டுக்கு நிஜமான பொருளே போய்ச் சேர்வதால், அந்தக் கம்பெனியின் அசல் எக்ஸ்பி டிரைவர்தான் வேண்டும். கன்ட்ரோலரை யூஎஸ்பி 2-ல் வையுங்கள், 3 வைத்தால் எக்ஸ்பிக்கு எதுவும் தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்தைய பதிப்பில் 2-க்கே எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு வேண்டும். ஹோஸ்ட் லினக்ஸ் என்றால் உங்கள் பயனர் பெயரை விபாக்ஸ்யூஸர்ஸ் குழுவில் சேர்க்காவிட்டால் பட்டியலே காலியாக இருக்கும்.

பலர் விழும் இடம் ஒன்று உண்டு. சில ஸ்கேனர்கள் டிரைவர் அனுப்பும் ஃபர்ம்வேரை (ஸ்கேனருக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வாங்கிக்கொண்டதும் ஒருமுறை கழன்று வேறு ப்ராடக்ட் எண்ணோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும். எந்த யூஎஸ்பி பொருள் கெஸ்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஃபில்டரில் பழைய எண் இருந்தால் இரண்டாவது முறை வந்ததை ஹோஸ்ட் பிடித்துக்கொள்ளும், எக்ஸ்பி திருதிருவென்று விழிக்கும். அதனால் ஃபில்டரில் வெண்டர் எண்ணை மட்டும் விட்டுவிட்டு, ப்ராடக்ட், ரிவிஷன், பெயர் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ஐஎஸ்ஏ (மதர்போர்டில் செருகும் அந்தக் கால வகை) சவுண்ட் கார்டையும் இப்படி உள்ளே அனுப்பலாமா?

பதில்: முடியாது. அந்தக் காலத்துக் கார்டேதான் வேண்டும் என்றால் 86பாக்ஸ் போடுங்கள், அது பழைய மதர்போர்டு, வூடூ 3டி கார்டு என்று மொத்தக் கணினியையே நடிக்கும். ப்ராசஸரைக் கொஞ்சம் நன்றாகவே தின்னும்.

கேள்வி: டிரைவர் எல்லாம் வந்துவிட்டது. எக்ஸ்பியில் அப்படியே நெட்டில் உலாவலாமா?

பதில்: வேண்டாம். 2014 ஏப்ரலோடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. ஸ்கேனருக்குத்தானே, நெட்வொர்க்கை ஹோஸ்ட் ஒன்லியில் (ஹோஸ்டோடு மட்டும் பேசும், வெளியே போகாது) வைத்து, இப்போதே ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் இப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள்.