வேலூர் என்றால் ஜெயில் மட்டும்தானா?

வாசகர் கேள்வி - பதில்

அண்மையில் பார்த்த படங்களையும் தொடர்களையும் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி பழைய வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து வந்திருப்பதால், இந்த முறை பக்கங்களை அந்த வாசகர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

செய்யாறு வாசகர்: 'ஜமா' படத்தை மகனுடன் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது. அவனோ பாதியில் எழுந்து போய்விட்டான். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் எடுத்த படமா இது?

இல்லை. ஆனால் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பிடி அதிகம் கிடைக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 2024 ஆகஸ்டில் வெளிவந்த இந்தப் படத்தை எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்திருக்கும் பாரி இளவழகன், திருவண்ணாமலை வட்டாரத்துக் கூத்துக்காரர்களின் வாழ்க்கையைத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்காமல், அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். பெண் வேஷம் கட்டியே பழகிப்போன கல்யாணம் என்பவன், விடிந்து அரிதாரத்தைக் கலைத்த பிறகும் நடையிலும் கையசைவிலும் அந்த வேஷத்தைக் கழற்ற முடியாமல் திண்டாடுவதும், அதன் காரணமாகவே அவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வராமல் இருப்பதும், தன் தந்தை கட்டி வளர்த்துத் தாண்டவம் என்பவரிடம் பறிகொடுத்த ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, மீட்டு ஒரு நாளாவது அர்ச்சுனன் வேஷம் கட்டிவிட வேண்டும் என்று அவன் ஏங்குவதும்தான் கதை. யாருக்கு எந்த வேஷம் என்பதில் ஒரு குழுவுக்குள் எழும் மனத்தாங்கல் எப்படி இரண்டு தலைமுறைக்கு நீளும் என்பதை இவ்வளவு நம்பும்படி நம் சினிமா காட்டியதில்லை. தாண்டவமாக வரும் சேத்தனை வில்லன் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியவில்லை. அவரிடம் வித்தை இருக்கிறது, அந்த வித்தையே அவருடைய திமிருக்கும் காரணமாக இருக்கிறது. இளையராஜாவின் இசை, கூத்துப் பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காதல் பகுதி மெலிந்திருப்பது குறைதான். தாண்டவத்தின் மகளுக்குக் கல்யாணத்தின் மீது அன்பு எங்கிருந்து வந்தது என்பதை இன்னும் இரண்டு காட்சிகளில் சொல்லியிருக்கலாம்.

உங்கள் மகன் எழுந்து போனதில் அவர்மீது தவறில்லை. கட்டியக்காரன் வந்து சபையைச் சிரிக்க வைப்பதையும், இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையும் அசையும்போதே பாட்டு தொடங்கிவிடுவதையும் நேரில் பார்க்காதவருக்கு, திரையில் நீளும் கூத்துக் காட்சி பொறுமையைச் சோதிக்கத்தான் செய்யும். பங்குனி தொடங்கி வெயில் காலம் முழுவதும் உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில், பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பாரதம் நடந்து, படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவு பெறுகிறது. அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில் அவரை அழைத்துச் செல்லுங்கள். உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறும் கூத்துக்காரர் மேலிருந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் வீசும்போது, பிள்ளை வரம் கேட்டுக் கீழே முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களுக்கு அவர் நடிகரல்லர், அர்ச்சுனனேதான். அதைப் பார்த்தவருக்குக் கல்யாணத்தின் ஏக்கம் புரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெரிய கலைஞரைத் தந்த புரிசை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்க, கூத்தை அறிமுகப்படுத்தச் சினிமாவை நம்பியிருப்பது நியாயமில்லை.

வாணியம்பாடி வாசகர்: தமிழ்ப் படங்களில் வேலூர் என்றால் ஜெயில் மட்டும்தானா?

தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறது. திரைக்கதை எழுதுகிறவருக்கு அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது. வில்லனின் தம்பி, கதாநாயகனின் பெரியப்பா எல்லோரும் அங்கே பல ஆண்டு இருந்துவிட்டு, பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்து, வாசலில் நிற்கும் காரில் ஏறிச் சென்னைக்கோ மதுரைக்கோ போய்விடுகிறார்கள். ஒருவராவது இறங்கி ஒரு தேநீர் குடித்ததாக நினைவில்லை. 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டையும், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளும், குடியாத்தத்துத் தறிகளும், தண்ணீர் இல்லாத பாலாறும் கதைக்கு உதவாது என்று யார் இவர்களுக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

விருதம்பட்டு வாசகி: 'சுழல்' தொடரில் மயானக் கொள்ளையைப் பல நாள் திருவிழாவாகக் காட்டுகிறார்கள். எங்கள் பாலாற்றங்கரையில் அது ஒரே நாளில் முடிந்துவிடும். தவறாகக் காட்டியிருக்கிறார்களா? இரண்டாவது சீசனையும் பார்க்கலாமா?

தவறு என்று சொல்ல முடியாது. மகா சிவராத்திரிக்கு அடுத்து வரும் அமாவாசையில் விருதம்பட்டிலிருந்தும் கழிஞ்சூரிலிருந்தும், எதிர்க்கரையில் வேலூர்த் தெருக்களிலிருந்தும் அங்காளம்மன் பாலாற்றுக்கு எழுந்தருளுவதை ஆண்டுதோறும் பார்க்கும் உங்களுக்கு அது ஒரு நாள் விழா. அங்காளம்மனின் தலைமைக் கோயில் இருக்கும் மேல்மலையனூரிலோ, மாசிப் பெருவிழாவின் கொடியேற்றம், தீமிதி, தேர் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு பகுதிதான் மயானக் கொள்ளை. எழுதிய புஷ்கர் - காயத்ரி இணையர் பல நாள் விழாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பக்தியைவிடத் திரைக்கதையின் வசதியாகத்தான் இருக்கும். நாளுக்கு ஒரு சடங்கு, சடங்குக்கு ஒரு முடிச்சு என்று விழாவும் விசாரணையும் ஒன்றாக நகர்வதற்கு அது உதவியிருக்கிறது.

2022 ஜூனில் வெளிவந்த முதல் சீசன், சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் ஒரு சிமென்ட் ஆலை எரிவதிலும், அங்கே தொழிற்சங்கத் தலைவராக இருக்கும் பார்த்திபனின் இளைய மகள் காணாமல் போவதிலும் தொடங்குகிறது. பிரம்மனின் கபாலம் சிவனின் கையில் ஒட்டிக்கொள்ள, அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றைச் சூறையிட்டு அதை இறங்க வைத்து அழித்தாள் என்ற கதை நம் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவன் வெளியிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல வந்த தொடருக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான விழா கிடைத்திருக்காது. நான் குறை காண்பது வேறொன்றில். நம் ஆற்றங்கரையில் நாக்கை நீட்டிக் காளி வேஷம் போட்டு வருகிறவருக்குப் பின்னால் சுண்டலையும் கொழுக்கட்டையையும் சில்லறைக் காசையும் பொறுக்க ஓடும் பிள்ளைகளின் சிரிப்பு இருக்கும். தொடரில் அந்தச் சிரிப்பு அநேகமாக இல்லை. எல்லோரும் எப்போதும் எதையோ மறைக்கும் முகத்தோடுதான் சாமி கும்பிடுகிறார்கள்.

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசன், அஷ்டகாளித் திருவிழாவையும் ஒரு வழக்கறிஞரின் கொலையையும் வைத்து அதே அச்சில் வார்க்கப்பட்டது. பார்க்கலாம், ஆனால் முதலாவதில் இருந்த வீட்டுச் சூட்டை எதிர்பார்க்காதீர்கள்.

குடியாத்தம் வாசகர்: 'லப்பர் பந்து' ஒரு நல்ல படமா, அல்லது விஜயகாந்த் பாட்டு போட்டதால் எங்களுக்குப் பிடித்துவிட்டதா?

இரண்டும்தான். 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலித்தபோது எழுந்த விசிலில் பாதி அந்த மனிதருக்கானது. மீதிப் பாதி, மாமனாராகப் போகிறவருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் நடுவில் நிற்கும் வீம்பை, இருவரையும் சிறுமைப்படுத்தாமல் எழுதிய தமிழரசன் பச்சமுத்துவுக்கும், கெத்து என்ற அந்த மாமனாராகவே மாறிவிட்ட தினேஷுக்கும் சேர வேண்டியது. ஊர் கிரிக்கெட் டோர்னமென்டில் யாரை எந்த அணியில் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதில் இருக்கும் சாதிக் கணக்கையும் படம் மறைக்கவில்லை.

வேலூர் வாசகர்: மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமுக்கு அருகில் வசிக்கிறேன். 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்துச் சிரித்தேன், அழுதேன். ஆனாலும் முகாம் பிள்ளைகளின் கதை இதுவல்ல என்றே தோன்றியது. என் எண்ணம் சரியா?

சரிதான். அப்படித் தோன்றுவதால் நீங்கள் சிரித்ததும் அழுததும் பொய்யாகிவிடாது. 2025 மே மாதம் வந்த இந்தப் படம் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் படகேறி வந்த சசிகுமார், சிம்ரன், இரண்டு மகன்கள் ஆகிய நால்வரும் முகாமுக்குப் போகாமல், தங்கள் தமிழை அடக்கிக்கொண்டு சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ்கிறார்கள். ஒருவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாத அந்தத் தெருவை, வந்து சேர்ந்தவர்கள் மெல்ல மெல்ல ஒரு ஊராக மாற்றுகிறார்கள். சாவு வீட்டுக் காட்சியில் சசிகுமார் குரலை உயர்த்தாமல் சாதித்திருப்பதைப் பல பெரிய நடிகர்கள் பக்கம் பக்கமாக வசனம் பேசியும் சாதிக்கவில்லை. இளைய மகனாக வரும் சிறுவன் கமலேஷ் வாயைத் திறந்தாலே அரங்கம் கலகலக்கிறது.

ஆனால் படத்துக் குடும்பம் நேற்று வந்தது. மேல்மொணவூரில் இருப்பவர்களில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போருக்குத் தப்பி வந்தவர்கள், அல்லது அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் பேசுவது பெரும்பாலும் நம் வேலூர்த் தமிழ்தான். அவர்கள் மறைக்க வேண்டிய பேச்சு எதுவும் இல்லை, காட்ட வேண்டிய குடியுரிமைச் சான்றுதான் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொல்லிவிட்டு இலங்கையை விட்டுவிட்டது. 2021-இல் தமிழக அரசு இந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, அந்த ஆண்டு நவம்பரில் புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை உங்கள் மேல்மொணவூரிலிருந்துதான் தொடங்கி வைத்தது. வீடு கிடைப்பது நல்லது. ஆனால் அதனால் பாஸ்போர்ட் கிடைத்துவிடாது. அண்டை வீட்டார் சேர்ந்து நின்றால் போதும் என்று நம்பும் இந்தப் படத்திடம் அந்தச் சிக்கலை அவிழ்க்கச் சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு படம் வேண்டும். முகாமில் வளர்ந்த ஒருவரே அதை எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் நிற்பேன்.

ராணிப்பேட்டை வாசகி: என் மாமியார் 'எதிர்நீச்சல்' முடிந்ததும் அழுதார், இரண்டாம் பாகம் வந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு என்ன இருக்கிறது அதில்?

முதல் ஆண்டில் உண்மையாகவே இருந்தது. படித்த மருமகள்களை அடுப்படியில் நிறுத்திவைத்திருக்கும் ஒரு பணக்கார வீட்டின் கதையை, 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம் 2022-இல் சன் டிவியில் தொடங்கியபோது, வழக்கமான மாமியார் - மருமகள் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு, பெண்களை அடக்கும் வீட்டு ஆண் என்பவரை நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்த ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து, "இந்தாம்மா, ஏய்" என்று கூப்பிடும் ஒரே அழைப்பில் நமக்குத் தெரிந்த எத்தனையோ பெரியப்பாக்களை நினைவுபடுத்தினார். 2023 செப்டம்பரில் அவர் திடீரென்று மறைந்தபோது, பிடிக்காத பாத்திரத்தில் நடித்தவருக்காக வீடு வீடாகப் பெண்கள் அழுதார்கள். பிறகு அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவர் மிரட்டினார், மாரிமுத்துவோ மிரட்டிக்கொண்டே நம்மைச் சிரிக்கவும் வைத்தவர். அந்த வேறுபாட்டைத் தொடர் கடைசிவரை ஈடுகட்டவில்லை. இரண்டாம் பாகத்தில் எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள், நகர்வது குறைவு. மாமியாரை மட்டும் தடுக்காதீர்கள். அந்த மருமகள்களோடு அவருக்கு உங்களுக்குத் தெரியாத பழைய கணக்கு ஏதாவது இருக்கலாம்.

திருப்பத்தூர் ஆசிரியை: பத்தாம் வகுப்பு மாணவியருக்கு 'அயலி' தொடரைக் காட்டலாமா? பெற்றோர் ஏதாவது சொல்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

காட்டுங்கள், பெற்றோரையும் அழைத்து உட்கார வையுங்கள். தொண்ணூறுகளில் புதுக்கோட்டைப் பக்கத்தில் வீரப்பண்ணை என்ற ஊரில், பெண் வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்காவிட்டால் அயலி அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று நம்புகிறார்கள். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பெரியவளானதையே மறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். எட்டு அத்தியாயங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடிந்துவிடும். முத்துக்குமார் இதைப் பாடம் நடத்துவது போல் எடுக்காமல், பெரியவர்களின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கும்படி எடுத்திருக்கிறார். மகளுடைய இரகசியம் தெரிந்த பிறகு பயந்து நடுங்கிக்கொண்டே அவள் பக்கம் நிற்கும் தாயாக அனுமோள் வரும் காட்சிகளில் உங்கள் மாணவியரைவிட அவர்களுடைய அம்மாக்கள் அதிகமாக அழுவார்கள். கடைசி அத்தியாயங்களில் எல்லாம் சற்று வேகமாகவும் வசதியாகவும் நடந்து முடிகின்றன. அதை மாணவியரே கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆற்காடு வாசகர்: 'மெய்யழகன்' வெளிவந்த பிறகு ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டினார்களே, அது தேவைதானா?

மூன்று மணி நேரத்துக்கு நெருங்கிய படத்தில் எதையாவது குறைத்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது உண்மை. ஆனால் அந்த வேலையைப் படம் அரங்குக்கு வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பேர் நினைவுக்கு வராத ஓர் உறவுக்காரன் விடிய விடியப் பேசிக்கொண்டே இருப்பதும், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அரவிந்த்சாமியின் முகத்தில் கூச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றவுணர்வாக மாறுவதும்தான் பிரேம்குமார் சொல்ல வந்த கதை. அந்தப் பேச்சில் சல்லிக்கட்டுக் காளையும் சோழர் வரலாறும் ஏறி உட்கார்ந்தபோது எனக்கும் கொட்டாவி வந்தது. சைக்கிளைப் பற்றிய பேச்சைக் கேட்டபோது வரவில்லை. சுருக்கிய படத்தை முதலில் பார்த்தவர்கள் பலர் அது போதும் என்றார்கள், முழுப் படத்தைப் பார்த்தவர்கள் எதையோ காணோம் என்றார்கள். நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே?