மஞ்சளாகும் நாளிதழ்

கேள்வி: வெயிலில் கிடந்தால் நாளிதழ் மஞ்சளாகிவிடுகிறதே, காகிதக் கூழிலேயே இதைத் தடுக்க முடியாதா?

பதில்: முடியும். மரத்தை அரைத்தெடுத்த கூழில், மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்தாலும் நிறம்தான் போகும், லிக்னின் போகாது. புற ஊதாக் கதிர் பட்டதும் லிக்னினில் உள்ள ஃபீனால் என்ற வேதித் தொகுதிகள் ஹைட்ரஜனை இழந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன்கள் என்ற மஞ்சள் நிறச் சேர்மங்களாகின்றன. அந்த ஃபீனாலை அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு மூடுவது, அதாவது அசிட்டைலேற்றம், நல்ல பலன் தரும். கூழை முதலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரமிருந்தால் அன்ஹைட்ரைடு நீரோடு வினைபுரிந்து வெறும் அசிட்டிக் அமிலமாக வீணாகிவிடும். அன்ஹைட்ரைடோடு சேர்த்துச் சுமார் 100 டிகிரி செல்சியஸில் சூடாக்கியபின், புளித்த வாடை போகும்வரை கழுவ வேண்டும். அளவு மீறினால்தான் வம்பு: நார்களின் முக்கியப் பொருளான செல்லுலோஸில், அவற்றை ஒட்டவைக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் மூடப்பட்டு, நார்கள் ஒன்றையொன்று பற்றாமல் தாள் எளிதில் கிழியும். ஆனால் நாளிதழ் விலைக்கு இந்தச் செலவு கட்டுபடியாகாது. கத்தரித்து வைத்த செய்திகளை வெளிச்சம் படாத அமிலமற்ற உறையில் போட்டுவையுங்கள்.