தமிழ்வழியில் படித்த மகளுக்கு வங்கித் தேர்வு ஆங்கிலம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, வணக்கம். தமிழ்வழியில் பி.காம். முடித்த உங்கள் மகள் வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறாள், கணக்கும் ரீசனிங் என்கிற தர்க்கத் திறன் பகுதியும் நன்றாக வருகிறது, ஆங்கிலத்தில் மட்டும் மாதிரித் தேர்வுகளில் பத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்க நகையை அடகு வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. வைக்காதீர்கள்.

அந்தத் தேர்வில் அவள் யாரிடமும் ஆங்கிலம் பேசப்போவதில்லை. கிளார்க் பணிக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 30 மதிப்பெண், 20 நிமிடம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள். மூன்று பகுதியிலும் தனித்தனியாகக் கட்-ஆஃப், அதாவது தேறுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்ட வேண்டும் என்பதால், கணக்கில் 35-க்கு 35 வாங்கினாலும் ஆங்கிலத்தில் விட்டால் அத்தோடு சரி. 2021-க்குப் பிறகு மற்ற பகுதிகளைத் தமிழிலேயே எழுத வழி வந்துவிட்டது. ஆங்கிலப் பகுதிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டேட் வங்கி (எஸ்பிஐ) தனியாக நடத்தும் கிளார்க் தேர்வில் பகுதிவாரிக் கட்-ஆஃப் இல்லை, அதையும் அவள் எழுதட்டும்.

ஆக, அவளுக்கு வேண்டியது படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். தமிழ்வழிப் பிள்ளைகள் அதில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் தெரியாத சொற்களில் அல்ல, நீண்ட வாக்கியங்களில்தான். தமிழில் ஒரு பெயரைப் பற்றிய விவரமெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். 'வறட்சியில் பயிரை இழந்த விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த வங்கி' என்கிறோம். ஆங்கிலத்தில் வங்கி முதலில் வந்துவிடும். கடன் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, அவர்கள் பயிரை இழந்த கதை எல்லாம் அதன் பின்னால் வால்போல் நீளும். எல்லாம் முடிந்து 'ஹேஸ்' என்று ஒரு வினை வரும்போது அது யாருடைய வினை என்பது மறந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் 'ஃபார்மர்ஸ்' என்ற பன்மையைப் பார்த்துவிட்டு 'ஹேவ்' என்றுதானே வர வேண்டும் என்று பிள்ளைகள் அதைப் பிழையாகக் குறித்துவிடுவார்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர் விரிக்கும் வலையும் அதுதான்.

இதற்கு ஒரு பென்சில் போதும். தினமும் ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் எது, அதற்குரிய வினை எது என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். இடையில் வரும் விவரங்களை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடலாம். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், ஒரு பத்திக்கே அரை மணி நேரம் போகும். போகட்டும். பிறகு பென்சில் இல்லாமலே கண் அந்த வேலையைச் செய்யத் தொடங்கும், வேகமும் அப்போதுதான் கூடும். இந்த ஒரு பயிற்சி இலக்கணக் கேள்வி, பத்திக் கேள்வி இரண்டுக்கும் உதவும்.

இலக்கணத்துக்கென்று தலையணை கனத்தில் கைடு வேண்டாம். ஏ, ஆன், தி மூன்றும் நம் மொழியில் இல்லாததால் அவற்றில் தடுமாற்றம் வரும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லோடு தேவையில்லாமல் 'அபவுட்' சேர்ப்பது, 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று ஒருமையில் விடுவது, 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' போடுவது எல்லாம் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள். மாதிரித் தேர்வில் அவள் தவறவிட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, ஏன் தவறு என்று பக்கத்தில் ஒரு வரி தமிழில் குறிக்கட்டும். ஒரு மாதத்தில் அந்த நோட்டே அவளுடைய இலக்கணப் புத்தகமாகிவிடும்.

சொற்களுக்கும் அப்படியே. நாளுக்கு ஐம்பது சொல் மனப்பாடம் செய்கிறாள் என்றீர்கள். பாவம், நிறுத்தச் சொல்லுங்கள். பத்தியில் எதிர்ப்பட்ட சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு எழுதி வைத்தால் ஐந்து போதும். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதைப் பார்க்க வேண்டும்: 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்', 'கேப்பபிள்' வந்தால் 'ஆஃப்'. கோடிட்ட இடம் நிரப்பும் குளோஸ் டெஸ்டில் பாதி வேலை இதிலேயே முடியும்.

எதைப் படிப்பது? ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படி என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்போதைய நிலையில் அது அவளை மிரட்டத்தான் செய்யும். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நம் பாடநூலிலுள்ள ஆங்கிலத் துணைப்பாடக் கதைகளில் தொடங்கட்டும். அடுத்து, தமிழில் ஏற்கெனவே படித்த செய்தியை ஆங்கிலத்தில் படிக்கட்டும். ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை மாற்றியது போன்ற செய்திகள் நல்லவை. விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் மொழியில் மட்டும் கவனம் நிற்கும். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் பல அறிக்கைகளை இரு மொழியிலும் வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். தலையங்கத்துக்கு மூன்று மாதம் கழித்து வரட்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, எப்படி உதவுவது என்று கேட்டிருந்தீர்கள். தெரியாததே இங்கே வசதி. இரவுச் சாப்பாட்டின்போது, அன்று படித்த பத்தி என்ன சொன்னது என்று தமிழில் இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் அவளுக்கும் புரிந்திருக்கிறது. 'ஏதோ விவசாயம் பத்தி' என்று மழுப்பினால் மறுபடி படிக்க வேண்டும். சொல்வது பத்தியில் இருக்கிறதா, அவளாகச் சேர்த்ததா என்றும் கேளுங்கள். உலகத்தில் உண்மையாக இருந்து, பத்தியில் இல்லாத விடையைத் தேர்ந்தெடுத்துத்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்குள்ள தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வு வகுப்புகள் இலவசம். வங்கித் தேர்வுக்கு எப்போது தொடங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் ஆங்கில நாளிதழும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் கிடைக்கும்.

அவளுக்கு இப்போது வயது 21 என்றீர்கள். பொதுப் பிரிவுக்கே 28 வரை எழுதலாம், பிற்படுத்தப்பட்டோருக்கு மேலும் மூன்று ஆண்டு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. அதனால் இந்த ஆண்டு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடட்டும். படிவம் நிரப்பும்போது தேர்வு மொழியாகத் தமிழைக் குறிக்க மறக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். தமிழைப் பாடமாகப் படித்ததற்குச் சான்றாக அவற்றைத்தான் பின்னால் கேட்பார்கள்.